குசினி டொச்

ஊரில் இருக்கும்வரை நாங்கள் குசினிப் பக்கம் போனது சாப்பிடுவதற்கு மட்டும்தான். அம்மாவும் அக்காவும் அடுப்படியில் நிற்பார்கள், நாங்கள் கோப்பையை நீட்டுவோம். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த மாதங்களில் அதுவும் இல்லை. கிடாரத்தில் காய்ச்சியதை வரிசையில் நின்று வாங்கினோம். ஆகவே 2010 ஆம் ஆண்டுக் கடைசியில் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தபோது எங்களுக்குச் சோறு வடிக்கவும் தெரியாது, டொச்சும் தெரியாது. இரண்டையும் ஒரே அடுப்பில் வைத்துத்தான் பழகினோம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் கிளிநொச்சி, மற்றவர் மன்னார்ப் பக்கம். சிர்ண்டோர்ஃப் முகாமில் அடுத்தடுத்த கட்டில் கிடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரே வீடு, ஒரே தொழிற்சாலை. யார் எதைச் சொன்னார், யார் சட்டியைக் கருக்கினார் என்று பிரித்து எழுதப் போனால் வீட்டில் சண்டைதான் வரும். அதனால் நாங்கள் என்றே எழுதுகிறோம்.

சிர்ண்டோர்ஃபில் இருந்து எங்களை நீடர்பயர்னுக்கு அனுப்பினார்கள். பவேரியா மாநிலத்தின் தென்கிழக்குப் பக்கம். ஸ்ட்ராவ்பிங் நகரத்தைச் சுற்றி டானூப் ஆற்றங்கரையில் கொய்போடன் என்று ஒரு சமவெளி கிடக்கிறது. மண் நல்ல மண், பவேரியாவின் தானியக் களஞ்சியம் என்று அந்த ஊர்க்காரர் பெருமையாகச் சொல்வார்கள். கோதுமை, சீனிக்கிழங்கு, உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய். வெங்காயம் கவிழ்த்து வைத்த மாதிரி முடியுள்ள தேவாலயக் கோபுரங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பயரிஷ வால்ட் மலைக்காடு நீலமாகத் தெரியும். மாரியில் அதுவும் தெரியாது. டானூப்பில் இருந்து எழும்பும் புகார் நாட்கணக்காக இறங்கியே கிடக்கும். வன்னி வெளியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த வயல்கள் முதல்நாளே பிடித்துப்போயின. மற்றது எதுவும் பிடிக்கவில்லை.

எங்களை வைத்திருந்த கைம் முன்பு ஒரு சாப்பாட்டு விடுதியாக இருந்த கட்டிடம். முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்களுக்கு ஒரு குசினி, நாலு அடுப்பு. ஆப்கானிஸ்தான்காரர், ஈராக்காரர், எதியோப்பியர், நாங்கள். அந்த நாளில் பவேரியாவில் அகதிகளுக்குச் சாப்பாட்டுக் காசு தருவதில்லை. கிழமைக்கு இரண்டு முறை பெட்டியில் சாமான் வரும். என்ன வேண்டும் என்று ஒரு தாளில் முன்கூட்டியே புள்ளடி போட்டுக் கொடுக்கவேண்டும். தாள் முழுக்க டொச். (எங்கள் பக்கத்தில் 2014 அளவில் பெட்டி நின்று காசு வந்தது. 2024 இல் பவேரியாவில் காசுக்குப் பதில் அட்டை கொண்டுவந்தார்கள், கையில் மாதம் 50 யூரோவுக்கு மேல் எடுக்க ஏலாது. புதிதாக வருகிற தம்பிமாருக்கு எங்கள் பெட்டிக் கதை அதனால் சுலபமாக விளங்குகிறது.)

அந்தத் தாள்தான் எங்கள் முதல் டொச்ப் புத்தகம். 'ரைஸ்' என்று ஒரு சொல் இருந்தது. அரிசி! இங்கிலிஷ் மாதிரியே இருக்கிறதே, டொச் இலேசு போல என்று நினைத்தோம். அடுத்த வரியில் 'மேல்'. மேல் என்றால் என்ன, மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தால் அது கோதுமை மா. அதற்கும் கீழே 'கிரீஸ்' என்று ஒன்று. சைக்கிள் செயினுக்குப் பூசுகிற கிரீஸ்தான் எங்களுக்குத் தெரியும்.

"மச்சான், உது கொழுப்பாத்தான் இருக்கும். மாஜரின் மாதிரி. போடு புள்ளடி."

பெட்டி வந்தது. உள்ளே அரைக்கிலோப் பைக்கற்றில் ரவை! கிரீஸ் என்றால் ரவை. அன்றைக்குச் செய்த உப்புமா கட்டிபட்டு உருண்டையாக வந்தது. ஆனாலும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்ட மணம் அந்தக் கட்டிடத்தில் அதுதான் முதல்முறை. செத்தல் மிளகாய் கொஞ்சம் கருகி, புகை அலாரம் அடித்து, ஊரின் தொண்டர் தீயணைப்புப் படை முழு உடுப்போடு படியேறி வந்தது தனிக்கதை. அன்றைக்கு ஐந்தாறு பேர் ஒரே குரலில் எங்களுக்குக் கத்திச் சொல்லித்தந்த சொல் 'ஃபென்ஸ்டர்'. யன்னல்.

மாவிலும் மாட்டுப்பட்டோம். பைக்கற்றில் 'டூப்பெ 405', '550', '1150' என்று இலக்கம் போட்டிருக்கும். விலையாக்கும் என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் விளங்கியது: 100 கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சுமோ அதுதான் அந்த இலக்கம். இலக்கம் சின்னதென்றால் மா வெள்ளை, பெரிதென்றால் உமி கூடின மா. ரொட்டிக்கும் புட்டுக்கும் 405 அல்லது 550 சரி. நாங்கள் எடுத்து ரொட்டி தட்டியதோ 'றொகன்' 1150. றொகன் என்பது கம்புபோல ஒரு கறுத்த தானியம். கையில் ஒட்டியது, பலகையில் ஒட்டியது, சட்டியில் ஒட்டியது. தொண்டையிலும் ஒட்டியது.

சீரகக் கதை இந்தப் பத்திரிகையை வாசிக்கிற எல்லா வீட்டிலும் நடந்திருக்கும். கடையில் 'கும்மெல்' என்று எழுதியிருந்ததைச் சீரகம் என்று வாங்கி ரசம் வைத்தோம். நிறமும் வடிவமும் அதேதான். ஆனால் ரசத்தில் பேக்கரி மணம்! கும்மெல் என்பது இங்கே பாணுக்கும் கோவாவுக்கும் பன்றி இறைச்சிக்கும் போடுகிற வேறு சாமான். எங்கள் நற்சீரகத்துக்கு 'க்ரொய்ட்ஸ்கும்மெல்' என்று கேட்கவேண்டும். துருக்கிக் கடையென்றால் 'கிமியோன்'. வெந்தயத்துக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் 'பொக்ஸ்ஹோர்ன்கிளே', ஆட்டுக்கொம்புப் புல் என்று அர்த்தம். ஏன் கொம்பு என்று தெரியவேண்டுமென்றால் வெந்தயச் செடியின் காயைப் பாருங்கள். வளைந்த கொம்புதான்.

இந்த அறிவெல்லாம் எங்களுக்குத் தானாக வந்ததல்ல. கைமுக்குக் கிழமையில் ஒருநாள் ஒரு கிழவி வருவார். ஓய்வுபெற்றவர், புருஷன் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். எல்லோரும் ஓமா என்று கூப்பிட்டோம். பாட்டி என்று அர்த்தம். டொச் சொல்லித்தருகிறேன் என்று முதலில் புத்தகம் கொண்டுவந்தார். 'இது மேசை, அது கதிரை.' எங்களுக்கோ மேசையும் இல்லை, கதிரையும் இல்லை, கட்டிலில் இருந்துதான் சாப்பாடு. மூன்றாம் கிழமை புத்தகத்தை மூடிவிட்டு எங்களைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு பை உருளைக்கிழங்கு.

அன்றைக்கு நாலு சொல் கிடைத்தது. 'ஷேலன்', தோல் சீவு. 'ஷ்னைடன்', வெட்டு. 'ரைபன்', துருவு. 'ரூரன்', கிண்டு. அவர் செய்து காட்டுவார், சொல்லைச் சொல்லுவார், நாங்கள் செய்துகொண்டே திருப்பிச் சொல்லவேண்டும். கை வேலை செய்தால் சொல் மறக்காது. துருவிய கிழங்கில் முட்டையும் மாவும் உப்பும் போட்டு எண்ணெயில் தட்டிப் பொரித்தார். அதற்குப் பெயர் 'ரைபர்டாட்சி'. நாங்கள் பச்சைமிளகாய் அரிந்து போட்டோம். ஓமா ஒன்று தின்று தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொன்று எடுத்தார்.

ஒருநாள் "ஸீப் கொண்டுவா" என்றார். சீப்பு! எங்களில் ஒருவர் ஓடிப்போய்த் தலை சீவுகிற சீப்பை எடுத்துவந்தார். ஓமா சிரித்த சிரிப்பில் ஆப்கான்காரரும் எட்டிப் பார்த்தார்கள். ஸீப் என்றால் அரிதட்டு, வடி. அதற்குப் பிறகு அந்தக் கம்பி ஸீப்தான் எங்கள் நீத்துப்பெட்டி. பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, மேலே ஸீப்பை வைத்து, அதற்குள் குழைத்த மாவைப் போட்டு மூடிவிட்டால் புட்டு அவியும். ஓமா குனிந்து பார்த்து, "ஆ, டெம்ஃபன்!" என்றார். ஆவியில் அவிப்பது டெம்ஃபன். கொஞ்ச எண்ணெயும் தன் சொந்தத் தண்ணீரும் விட்டு வேகவைப்பது டுன்ஸ்டன். 'கொக்கன்' என்றால் சமைப்பதும் அதுதான், கொதிப்பதும் அதுதான்.

எங்களுக்குப் பெரிய தலையிடி கொடுத்த சொல் 'ட்சீயன்'. ட்சீயன் என்றால் இழு. உடுப்புப் போடுவது 'அன்ட்சீயன்', கழற்றுவது 'அவுஸ்ட்சீயன்', வீடு மாறுவது 'உம்ட்சீயன்'. அதுவரைக்கும் படித்து வைத்திருந்தோம். ஓமா செம்மெல்க்னொடல் செய்யக் காட்டித்தந்தார். பழைய பணிஸ் மாதிரிப் பாணை அரிந்து, சூடான பாலில் ஊறவைத்து, முட்டையும் வெங்காயமும் சேர்த்துக் கொழுக்கட்டைபோல உருட்டி உப்புத்தண்ணீரில் போடுகிற சாமான். போட்டுவிட்டு "ட்சீயன் லாஸன், நிக்ட் கொக்கன், 20 நிமிடம்" என்று சொல்லிவிட்டு ரெலிபோன் எடுக்க வெளியே போனார். இழுக்க விடு, கொதிக்க வைக்காதே. எதை இழுப்பது? யோசித்துவிட்டுப் பானையையே அடுப்பிலிருந்து இழுத்துக் கீழே வைத்தோம். அவர் வரும்போது தண்ணீர் ஆறி, உருண்டையெல்லாம் கரைந்து கஞ்சி. ட்சீயன் லாஸன் என்றால், கொதிக்கவிடாமல் அந்தச் சூட்டிலேயே சும்மா கிடக்க விடுவது. தேத்தண்ணிக்கும் அதே சொல், ஊறவிடு.

அந்தக் காலத்தில் எங்கள் விசா அலுவலும் அப்படித்தான் கிடந்தது. 2012 இல் வழக்கு நிராகரிக்கப்பட்டது. கையில் டுல்டுங், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. திருப்பியும் அனுப்பவில்லை, வைத்திருக்கவும் இல்லை.

வேலை செய்ய அனுமதி 2014 இல்தான் கிடைத்தது. அதுவும் குறிப்பிட்ட ஒரு தொழிற்சாலையில், குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும். இந்தப் பகுதியில் வெள்ளரிக்காய் போத்தலில் அடைக்கிற தொழில் பெரிய தொழில். ஆடி ஆவணியில் வயலில் ஒரு காட்சி பார்க்கலாம். ட்ராக்டருக்கு இரண்டு பக்கமும் விமானச் சிறகுமாதிரி நீட்டியிருக்கும், அதில் ஆட்கள் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்து கையைக் கீழே தொங்கவிட்டுப் பிஞ்சு பறிப்பார்கள். பெயரே 'குர்க்கன்ஃபிளீகர்', வெள்ளரி விமானம். பெரும்பாலும் போலந்து, ருமேனியாவிலிருந்து சீசனுக்கு வருபவர்கள். நாங்கள் படுக்கவில்லை, தொழிற்சாலைக்குள் நின்றோம். கழுவி, தரம்பிரித்து, 720 மில்லிலீற்றர் போத்தலில் அடைத்து, வினாகிரித் தண்ணீர் விட்டு, மூடி, சூடாக்குவது. ஒருநாள் பச்சை இலைக் கட்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. மணந்து பார்த்தால் சதகுப்பை! ஊரில் பிள்ளைப்பெற்ற வீட்டு மருந்துக்குப் போடுவது. இங்கே 'டில்', அது இல்லாமல் வெள்ளரிக்காய்ப் போத்தல் இல்லை.

மூன்றாம் மாதம் அந்தத் தவறு நடந்தது. அரிந்த வெள்ளரிக்காயை வெங்காயத்தோடு ஊறவைக்கிற நீலத் தொட்டிகள் ஒரு மூலையில் இருந்தன. பொறுப்பாளர் அந்த ஊர்க்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தால் சுத்த பவேரியன். தூர நின்று தொட்டியைக் காட்டி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது 'அவுஃப்கீஸன்'. மேலே ஊற்று, நிரப்பு. எங்கள் காதில் விழுந்தது 'அப்கீஸன்'. வடித்து ஊற்று. இரண்டுக்கும் வித்தியாசம் முன்னால் ஒட்டுகிற ஒரு சின்னத் துண்டு. அந்த ஊர்ப் பேச்சில் அதையும் பாதி விழுங்கிவிடுவார்கள்.

நாலு தொட்டியின் அடிக்குழாயையும் திறந்தோம். வினாகிரி, சீனி, கடுகு எல்லாம் போட்டுக் காய்ச்சி முதல்நாள் ஊற்றிய தண்ணீர் முழுக்கக் கானுக்குள் போனது. நாலாவது தொட்டி வெறுமையாகும்போது அவர் திரும்பி வந்தார். அவர் கத்தியது எதுவும் விளங்கவில்லை, விளங்கத் தேவையும் இருக்கவில்லை. பரீட்சார்த்த காலம் முடிய இன்னும் மூன்று மாதம். வேலை போனால் அந்த வேலைக்கென்று தந்த அனுமதியும் போகும். ஊரில் வட்டிக்கு வாங்கி எங்களை அனுப்பியவர்களுக்கு அப்போதுதான் முதல் இரண்டு மாதக் காசு போயிருந்தது.

பக்கத்தில் வேலை செய்த ருமேனியப் பெண் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொறுப்பாளரோடு நின்று வாதாடினாள். அவளுடைய டொச் எங்களுடையதைவிடக் கொஞ்சம்தான் திறம். "இவங்கள் சொன்னதைத்தான் செய்தவங்கள், நீதான் சரியாச் சொல்லேல்ல" என்ற கருத்தில் ஏதோ சொன்னாள் என்று நினைக்கிறோம். அவர் போனபிறகு எங்கள் பக்கம் திரும்பி, கையை மேலே தூக்கி "அவுஃப்", கீழே இறக்கி "அப்" என்று காட்டினாள். மேலே, கீழே, மேலே, கீழே. சின்னப்பிள்ளைகளைப்போல நாங்களும் செய்தோம். வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. ஆனால் ஒரு கடிதம் தந்தார்கள், இன்னொருமுறை என்றால் இல்லை என்று.

அன்றிரவு ஓமாவுக்கு ரெலிபோன் எடுத்தோம். அடுத்தநாளே ஒரு பெரிய தாளோடு வந்தார். நடுவில் 'கீஸன்', ஊற்று. சுற்றிவர அப், அவுஃப், ஐன், உம், யூபர் என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பானைப் படம் கீறினார். அதேமாதிரி ஷ்னைடனுக்கு ஒரு தாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம். வீடு மாறும்போது அந்தத் தாள்களும் கூட வந்தன. இப்போதும் அங்கேதான் இருக்கின்றன, எண்ணெய்க் கறையோடு.

ஒரு விஷயத்தில் ஓமாவையும் நம்ப முடியவில்லை. அவர் சொல்லித்தந்ததில் பாதி பவேரியாச் சொல். உருளைக்கிழங்கு அவருக்கு 'எர்டெப்ஃபெல்', பரீட்சைப் புத்தகத்தில் 'கார்ட்டோஃபெல்'. கரட் அவருக்கு 'கெல்ப றூபன்', மஞ்சள் கிழங்கு. காளான் 'ஷ்வாமர்ல்'. சிவப்புக் கோவாவை நீலக் கோவா, 'பிளவ்க்ரவுட்' என்பார். பெரிய கோப்பைக்கு 'ஹாஃபெர்ல்'. வடக்கில் டோட்முண்ட் பக்கம் உள்ள எங்கள் ஆட்களோடு கதைக்கும்போது, நீங்கள் எந்தப் பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் ஆளையாள் பகிடி பண்ணுவதுபோலத்தான்.

2022 டிசம்பர் 31 ஆம் திகதி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த வருடம் ஒக்டோபர் 31 அன்று ஐந்து வருடம் இங்கே இருந்து முடித்த டுல்டுங் ஆட்களுக்கு 18 மாதத்துக்கு ஒரு விசா தந்தார்கள். அந்தப் 18 மாதத்துக்குள் வருமானம், கடவுச்சீட்டு, குறைந்தது ஏ2 அளவுக்குப் பேச்சு டொச் காட்டினால் தொடர்ந்து இருக்க முடிந்தது. எங்களுக்கு வருமானம் இருந்தது. எழுத்தில்தான் பயம், பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள் நாங்கள். 2023 இலையுதிர்காலத்தில் பரீட்சை எடுத்தோம். பேச்சுப் பரீட்சையில் இரண்டு பேரைச் சோடியாக விடுவார்கள். எங்கள் அதிர்ஷ்டம், எங்கள் இரண்டு பேரையுமே சோடியாகப் போட்டார்கள்.

முதலாவது பகுதி தன்னைப்பற்றிச் சொல்வது. அது பரவாயில்லை. இரண்டாவது படத்தைப் பார்த்துப் பேசுவது. அதில் எங்களில் ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூன்றாவது, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போடுவது. தாளைத் திருப்பினோம். வேலையிடத்தில் ஒருவருக்குப் பிரியாவிடை, என்ன செய்யலாம், யார் எதைக் கொண்டுவருவது. சாப்பாடு!

"நான் கார்ட்டோஃபெல்சலாட் செய்யட்டா?"

"மயோனீஸோடயா, சூப்போடயா?"

"சூப்போட. கிழங்கைச் சூட்டோட வெட்டி, மேல ஊத்தி, ட்சீயன் லாஸன்."

இதெல்லாம் டொச்சில்! ஒருவர் வெங்காயம் அரிய, மற்றவர் வெள்ளரிக்காய் சீவ, வாய் தன்பாட்டில் ஓடியது. நடுவில் ஒருவர் வாய்தவறி எர்டெப்ஃபெல் என்றுவிட்டார். பரீட்சகர் அம்மா தலையைக் குனிந்து எதையோ எழுதினார், உதடு சிரித்தது. ஏழெட்டுக் கிழமை கழித்துப் பேறு வந்தது. ஒருவருக்கு பி1, மற்றவருக்கு ஏ2. யாருக்கு எது என்று இங்கே எழுதப்போவதில்லை.

விசா அட்டை வந்த ஞாயிற்றுக்கிழமை ஓமாவைப் பார்க்கப் போனோம். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் கொண்டுபோனோம். கொஞ்சமாகச் சாப்பிட்டார். புட்டு எத்தனை நிமிடம் டெம்ஃபன் பண்ணவேண்டும் என்று கேட்டார். எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அங்கேயே இருந்து கிளிநொச்சிக்கு எடுத்தோம். அம்மா ரெலிபோனில்,

"உதென்ன கேள்வி? மணம் வரேக்க இறக்கு" என்றார்.

மொழிபெயர்த்துச் சொன்னோம். ஓமா சிரித்து, தன்னுடைய அம்மாவும் க்னொடல் உருட்டும்போது அளவு கேட்டால் 'நாஹ் கெஃபூல்' என்றுதான் சொல்வார், மனதுக்குத் தெரிகிறபடி என்று, சொன்னார். பிறகு ரெலிபோனை வாங்கி அம்மாவுக்கு ஒரு வணக்கம் சொன்னார், நாங்கள் பழக்கியது. அம்மா பதிலுக்கு நீளமாக ஏதோ சொல்ல, விளங்காமலே "யா, யா" என்றார்.

அன்றைக்கு ஒரு சொல்லில் தோற்றுப்போனோம். குழம்புக்குக் கடைசியில் என்ன செய்தீர்கள், இந்த மணம் எப்படி வந்தது என்று கேட்டார். தாளித்தோம். அதை எப்படிச் சொல்வது? 'அன்பிராட்டன்' என்றோம், அது இறைச்சியை முதலில் வாட்டுவது. 'றொஸ்டன்' என்றோம், அது எண்ணெய் இல்லாமல் வறுப்பது. எண்ணெய் காய, கடுகு வெடிக்க, கருவேப்பிலை போட்டு, அப்படியே கொதிக்கிற கறிக்குள் ஊற்றுவது என்று கையால் காட்டினோம். 'ஷ்ஷ்' என்று சத்தமும் போட்டோம். அவர் யோசித்து யோசித்து, டொச்சில் அதற்கு ஒற்றைச் சொல் தனக்குத் தெரியாது என்றார். வாசகர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் பத்திரிகைக்கு எழுதுங்கள். போகிற ஞாயிறெல்லாம் ஓமா அதைத்தான் கேட்கிறார்.